விரல் படற வரைக்கும்

ஹலோ… ஹலோ, அண்ணா? … நான்தான். அம்மா போன்ல இருந்து பேசறேன். … இல்ல இல்ல, அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல, தூங்கறாங்க. … அப்பாவுக்கும் ஒண்ணும் இல்ல. யாருக்கும் ஒண்ணும் ஆகல. இந்த நேரத்துல போன் வந்தாலே யாராவது போய்ச் சேர்ந்துட்டாங்கன்னு நினைச்சுக்கறதா? … ஆமா. ஆமா, எலிதான். அந்தப் பேர இன்னும் நீ விடலையா? பதினாறு வயசு ஆகுது எனக்கு. எந்த எலி இவ்வளவு நாள் உயிரோட இருந்திருக்கு?

… சிரிக்காத. நான் சிரிக்கற நிலமைல இல்ல.

… மேல, வாஷிங் மெஷின் ரூம்ல. கதவச் சாத்திட்டுத் தரைல உக்காந்திருக்கேன். மெஷின சும்மா ஓட விட்டிருக்கேன், சத்தத்துக்கு. … கீழ ஜிம்ம பூட்டியாச்சு, ஆனா லைட்டு எரியுது. அப்பா இன்னும் மேல வரல. அதான் மெதுவா பேசறேன், காதுல விழலன்னா சொல்லு. … நீ கிடங்குலதான இருக்க? பின்னாடி என்னமோ கத்துது. … வண்டி ரிவர்ஸ்ல வருதா? அப்ப முதல்ல நகந்து நில்லு. அப்புறம் பேசறேன்.

… நகந்துட்டியா?

… சரி. சுத்தி வளைக்காம கேட்டுடறேன். தலைக்கு மேல எடை தூக்கறதுல, வலிக்காம எது இருக்கு? … பிரஸ்ஸுதான். ஷோல்டர் பிரஸ். எத எப்படிப் பண்ணினா மூட்டுல வலி வராது? … எனக்குன்னு யார் சொன்னா? ஒரு சிநேகிதிக்கு. … ஆமா, ஒரு சிநேகிதி. ராத்திரில தூங்காம, அம்மா போனத் திருடிட்டு வந்து, யாரோ ஒரு சிநேகிதிக்காகக் கேக்கறேன். போதுமா?

… எனக்குத்தான்.

… வலது.

… உனக்கும் வலதுதான்னு எனக்குத் தெரியாதா? அதனாலதான உன்னக் கூப்பிட்டேன்.

… எப்ப இருந்துன்னா… பரீட்சைக்கு முன்னாடி லேசா ஆரம்பிச்சுது. … எங்கன்னா, தோள்ல அந்த உருண்டை இருக்குல்ல, அதுக்கு முன்பக்கம், கொஞ்சம் வெளிய. உள்ளுக்குள்ள. விரல வெச்சு அமுக்கித் தேடினா கிடைக்காது. … ஆமா, ராத்திரிதான் அதிகம். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா எழுப்பி விட்டுடுது. … மரத்துப் போகல. விரல் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. … கழுத்துல இல்ல. … பல் விளக்கறப்ப இல்லண்ணா, தலை சீவறப்ப. ஜடை பின்ன முடியல. கொஞ்ச நாளா அம்மாவப் பின்னி விடச் சொல்றேன். 'படிக்கணும்மா, நேரம் இல்ல'ன்னு சொன்னேன். நான் படிக்கறேன்னு அம்மா நம்பினாங்க பாரு, அதுதான் பெரிய கொடுமை.

… தூக்கிப் பாக்கணுமா? இப்பவா? … சரி, போன இடது கைல பிடிச்சுக்கறேன். வலது கை, பக்கவாட்டுல… ம்… ம்… இது வரைக்கும் சும்மா இருக்கு. தோள் உயரத்துக்கு வந்தா… ஆ. இங்க. இங்க ஆரம்பிக்குது. … போறேன், இரு, மெதுவாத்தான் போறேன்… இருக்கு… இன்னும் இருக்கு… உச்சிக்குப் போனா இல்ல. விட்டுடுது. … எறங்கறப்பவும் அதே இடத்துல. … ஆமா, நடுவுல மட்டும். … அப்படின்னா என்ன? … 'ம்' போடாதண்ணா. டாக்டர் 'ம்' போட்டா பயமா இருக்கும். நீ போட்டா அதவிட பயமா இருக்கு.

… கிழியலையா? நிஜமாவா? … 'கிழியல'ங்கறதும் 'கிழிஞ்சிருக்காது'ங்கறதும் ஒண்ணு இல்ல. நீ எதச் சொல்ற? … சரி. … நசுங்குதா? எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல… ம்… சதைய எலும்போட கட்டற நார். அது வீங்கியிருக்கும். இன்னும் நசுக்கினா பிஞ்சிடும். … புரியுது. கதவு இடுக்குல விரல் மாட்டற மாதிரி. … ஆமா, நான்தான் கதவத் திரும்பத் திரும்பச் சாத்திக்கிட்டு இருக்கேன். தெரியுது. சொல்லிக் காட்ட வேண்டாம்.

… டாக்டர்கிட்ட நான் தனியாப் போக முடியுமா? அம்மா கூட்டிட்டுப் போகணும். அம்மா அப்பாகிட்ட சொல்லணும். சொன்னா முடிஞ்சுது. … ஸ்கூல்ல ஒரு நர்ஸ் இருக்காங்க. கால் ஒடிஞ்சு போய் நின்னாக் கூட வெந்நீர் குடிக்கச் சொல்வாங்க.

… வீடியோ பாத்தேன். … தெரியும், பாத்திருக்கக் கூடாது. ஒருத்தன் கம்பிய நெஞ்சோட உரசிக்கிட்டே தாடை வரைக்கும் இழுக்கச் சொன்னான். முழங்கை காதுக்கு வரணும்னான். சட்டை போடாம நின்னான், அப்ப இவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். … ஆமா, அதுக்கப்புறம்தான் இன்னும் மோசமாச்சு. … திட்டறதுன்னா அப்புறம் திட்டு. வரிசைல உனக்கு முன்னாடி நிறைய பேர் நிக்கறாங்க.

… இங்க என்ன இருக்குன்னா… இஸ்திரிப் பெட்டி, மாப், துடைப்பம், ரெண்டு பக்கெட், சோப்புத் தூள். … தண்ணி பாட்டில் ரெண்டு நானே கொண்டு வந்திருக்கேன். பெருசு, ரொப்பி. … ஏன்னா நீ பண்ணிக் காட்டச் சொல்வன்னு தெரியும். … இரு, போன துணிக் கூடை மேல வெச்சு ஸ்பீக்கர்ல போடறேன். சத்தத்தக் கொறைக்கறேன்.

… வெச்சாச்சு. சொல்லு.

… உக்காந்துட்டேன். பக்கெட்டக் கவுத்துப் போட்டு அது மேல. … முதுகு நிமிந்துதான் இருக்கு. … பாட்டில் ரெண்டும் தோள்கிட்ட. உள்ளங்கை ஒண்ணையொண்ணு பாக்கணும். சரி. சண்டை போட்ட ரெண்டு பேரு சமாதானம் ஆகற மாதிரி. … முழங்கை பக்கவாட்டுல இல்ல, கொஞ்சம் முன்னாடி. எவ்வளவு முன்னாடி? … நேராப் பாத்தா ரெண்டு முழங்கையும் ஓரக்கண்ணுக்குத் தெரியணும். ம், தெரியுது. … தோளக் காதுக்குத் தூக்கக் கூடாது, சரி. … மெதுவா மேல.

… அண்ணா.

… வலிக்கல.

… இல்லண்ணா, நிஜமா. இரு, இன்னொரு தடவை. … லேசா அங்க என்னமோ இருக்குன்னு தெரியுது, ஆனா வலி இல்ல. … எறக்கறப்ப காது வரைக்கும் போதுமா? அதுக்குக் கீழ வேண்டாமா? சரி. … ஒரு ஒரு கையாவும் பண்ணலாம். ம். … அழல. சோப்புத் தூள் மூக்குல ஏறிடுச்சு.

… சரி, அடுத்தது மாப். … அடிப்பக்கத்த மூலைல முட்டுக் கொடுத்தாச்சு. … ஒரு முட்டி தரைல. மேல் நுனி வலது கைல, தோளுக்கு முன்னாடி. … ஜிம்லன்னா கம்பி. கம்பியோட ஒரு முனைய மூலைல வெச்சுட்டு இன்னொரு முனைல மட்டும் எடை. புரியுது. … நேரா மேல இல்ல, முன்னாடியும் மேலயுமா சாஞ்சாப்ல. … ஓ. இது இன்னும் நல்லா இருக்கு. தோள்பட்டையும் கூடவே சுத்திக்கிட்டு வருது. … இத யார் உனக்குச் சொன்னா? … ஆபரேஷனுக்கு அப்புறமா? … பிசியோ அம்மா. … முதல் நாளே இதத்தான் காட்டினாங்களா?

… அப்ப இது இவ்வளவு நாளா இருந்திருக்கு. உலகத்துல. எல்லாருக்கும் தெரிஞ்சு. நம்ம வீட்டுக்குக் கீழ மட்டும் இல்ல.

… எவ்வளவு நாள் இப்படியே பண்ணணும்? … வாரமா, மாசமா? … அண்ணா, அவ்வளவு எல்லாம் எனக்கு இல்ல. எனக்கு விடியற வரைக்கும்தான் இருக்கு.

… நாளைக்குக் காலைல அப்பா எங்களத் தூக்க வெச்சுப் பாக்கறாரு. விளையாட்டு விடுதிக்கு நம்ம ஜிம்ல இருந்து ரெண்டு பேர அனுப்பலாம்னு லெட்டர் வந்திருக்கு. அங்கயே தங்கிப் படிக்கலாம், பயிற்சி எடுக்கலாம். நாங்க அஞ்சு பேர் இருக்கோம். … அவர்தான் முடிவு பண்ணணும், வேற யாரு? … எப்படின்னு கேக்கறியா? உனக்குத் தெரியாதா? எல்லாத்தையும் தூக்கி முடிச்சப்புறம், கடைசில அது. கம்பியக் கழுத்துக்குப் பின்னாடி எறக்கித் தூக்கற பிரஸ்ஸு.

… ஆமா. இன்னும் அதேதான். விரல் வைப்பாரு. பின்கழுத்து எலும்பு மேல ஆள்காட்டி விரலப் படுக்க வெச்சுக்குவாரு. கம்பி எறங்கி வந்து அந்த விரல்ல படணும். படலன்னா எண்ணிக்கைல சேராது. … எந்தப் போட்டியிலயும் அப்படி ஒண்ணு இல்லன்னு எனக்கும் தெரியும்ணா. அவரோட மாஸ்டர் அவர் கழுத்துல விரல் வெச்சாராம். அதனால இவரு எங்க கழுத்துல வைக்கறாரு. சொத்து மாதிரி வருது.

… முன்னாடி எல்லாம் பட்டுது. இப்ப போன தடவை படல. முடி அளவு. முடி அளவு மேலயே நின்னுடுச்சு, அதுக்குக் கீழ எனக்கு வரல. அவரு விரல எடுத்துட்டாரு, அவ்வளவுதான். ராத்திரி சாப்பிடறப்ப உப்பு என் பக்கத்துல இருந்துச்சு. என்கிட்ட கேக்கல. எந்திரிச்சு, மேஜையச் சுத்தி வந்து, அவரே எடுத்துக்கிட்டுப் போனாரு.

… வலிக்குதுன்னு சொல்றதா? நீ அந்த ஜிம்ல இருந்தியா இல்லையா? அந்த வார்த்தைய உள்ள சொன்னா கம்பியக் கீழ வெச்சிட்டு வீட்டுக்குப் போகணும். மத்தவங்களுக்கு வீடு வேற தெருவுல இருக்கு, போய் அழுதுட்டு வருவாங்க. எனக்கு வீடே மாடில. நான் எங்க போறது?

… போகணும்ணா. விடுதிக்குப் போகணும். … மெடலுக்காக இல்ல. அங்க சாப்பாட்டு மேஜைல நம்ம ஆளு ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, அதுக்காக. … அதான் ஒரு யோசனை. ரெண்டு மாத்திரை போட்டுக்கிட்டா… … இல்ல, கேளு. வலி மாத்திரை ரெண்டு போட்டுக்கிட்டு, கைய நல்லா அகலமாப் பிடிச்சு, ஒரே ஒரு தடவை விரல்ல பட வெச்சுட்டா… … சரி. … சரி, கத்தாத. … வலி தெரியாமப் போனா கிழியறதும் தெரியாது. ம். … ம், கேக்குது. மாத்திரை வேண்டாம். அப்ப நான் என்னதான் பண்றது, அதச் சொல்லு.

… 'பண்ணாத'ன்னு சொல்றது சுலபம். நீ ஓடிப் போயிட்ட.

… நான் சொல்லல, அவரு சொல்றாரு. … உனக்குத் தெரியாதா? புதுசா யாராவது பிள்ளையச் சேர்க்க வந்தா முதல்ல உன் கதைதான். 'என் மூத்தவன் எல்லாத்தையும் தூக்கினான், பயத்த மட்டும் தூக்க முடியல'ன்னு. அப்படியே, ஒரு எழுத்து மாறாம. புதுசா ஒரு வாண்டு வந்திருக்கான், கம்பியவிட அவன் ஒல்லி, அவன் கூட அத நடிச்சுக் காட்டறான். … நானும் நம்பினேன். … ஆமா, நம்பினேன். நீ போறப்ப எனக்கு என்ன வயசு? நீ ஒரு வார்த்தை சொல்லல. பைய இடது தோள்ல மாட்டிக்கிட்டுப் படி எறங்கிப் போன. ஏன் இடதுன்னு இப்பதான எனக்குப் புரியுது.

… என்ன? … இரு, இரு. என்ன சொல்ற? … விரல் இல்லையா? … கையா? முழுக் கையா? … கம்பி மேலயா? … அவரு அமுக்கினாரா?

… இல்ல, சொல்லு. கேக்கறேன். … ம். … ம். … உனக்கும் முடி அளவுதான் நின்னுச்சா? … 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்'னு சொல்லிக்கிட்டே. … ம். … சத்தம் உனக்கு மட்டும் கேட்டுச்சா, எல்லாருக்குமா? … துணி கிழியற மாதிரி. … நீ என்ன சொன்ன? … ஒண்ணுமே சொல்லலையா? … அந்தக் கையோட கம்பியத் தூக்கி ஸ்டாண்ட்ல வெச்சியா? … வெச்சிட்டு, போய்த் தண்ணி குடிச்ச. நல்லது. நீயும் அவர் பிள்ளைதான்.

… அவருக்குத் தெரியுமா? … 'தெரிஞ்சிருக்கும்'னா என்ன அர்த்தம்? நீ வாயத் திறந்து சொன்னியா? … அப்ப அவரும் கேக்கல, நீயும் சொல்லல. அம்மா ஒத்தடம் கொடுத்திருப்பாங்க. நான் பக்கத்து ரூம்ல டிவி பாத்துக்கிட்டு இருந்திருப்பேன். என்ன ஒரு குடும்பம் பாரு. போட்டோ எடுத்து மாட்டலாம்.

… இரு. இரு, பேசாத.

… யாரும்மா? … நான்தான்மா. ஸ்கூல் பேன்ட்டு ஈரமா இருக்குன்னு பிழியப் போட்டேன். … ஆயிடும்மா, இதோ. … போனா? அலாரம் வைக்க எடுத்தேன், இங்கதான் இருக்கு. … பாட்டில் எதுக்குன்னா… தாகம். … ரெண்டும் தாகத்துக்குத்தான். … நீங்க போய்ப் படுங்கம்மா. … ம். … ம், படுத்துடறேன்.

… … அண்ணா? … போயிட்டாங்க. வாசல் வரைக்கும் வந்து நின்னாங்க, உள்ள வரல. பாட்டிலப் பாத்தாங்க, மாப்பப் பாத்தாங்க, என் மூஞ்சியப் பாத்தாங்க. ஒண்ணும் கேக்கல. அம்மாவுக்கு அது ஒரு திறமை.

… நானும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். … யார்கிட்டயும் சொல்லல, உனக்குத்தான் முதல்ல. இன்னைக்கு சாயங்காலம் தைலம் எடுக்கலாம்னு அப்பா ரூமுக்குப் போனேன். கதவு பாதி திறந்து கிடந்துச்சு. அப்பா கட்டில்ல உக்காந்திருக்காரு. அம்மா அவருக்குச் சட்டை போட்டு விடறாங்க. … சட்டைதான். சின்னப் பிள்ளைக்குப் போடற மாதிரி. வலது கைய முதல்ல நுழைச்சு, முதுகுப் பக்கமா மெதுவாச் சுத்திக் கொண்டு வந்து, அப்புறம் இடது. … அடி ஒண்ணும் படல. கை மேல வரலண்ணா. தோள் உயரத்துக்குக் கூட வரல. … ரெண்டுமேதான், வலது ரொம்ப மோசம். அம்மா முழங்கையத் தாங்கிப் பிடிக்கறாங்க, அவரு பல்லக் கடிச்சுக்கிட்டு 'மெதுவா, மெதுவா'ங்கறாரு. அந்த வார்த்தை அவர் வாயில இருந்து வந்து நான் கேட்டதே இல்ல.

… எவ்வளவு நாளாவா? எனக்கு எப்படித் தெரியும்? ஆனா அம்மா கை பழகியிருந்துச்சு. பட்டன பாக்காமலே போட்டாங்க. … என்னப் பாத்துட்டாங்க. வந்து கதவச் சாத்தினாங்க. அப்புறம் நான் சமையல் ரூம்ல தட்டுக் கழுவிக்கிட்டு இருந்தப்ப பக்கத்துல வந்து நின்னு, 'நீ எதையும் பாக்கல' அப்படின்னாங்க. அதட்டல. அதட்டியிருந்தா பரவாயில்ல.

… இரு, முழுசா சொல்லிக்கறேன். நீ இருந்தப்ப பிரஸ் எல்லாம் நின்னுக்கிட்டுதான பண்ணுவீங்க? … நீ போனதுக்கு அப்புறம் ஸ்டூல் வந்துச்சு. மர ஸ்டூல். 'உக்காந்து தூக்கினாதான் சுத்தம், நின்னா இடுப்பு ஏமாத்தும்'னு சொன்னாரு. நாங்களும் ஆமா மாஸ்டர், ஆமா மாஸ்டர்னு உக்காந்தோம். அடுத்த தெரு ஜிம்காரர் வந்து பாத்துட்டு, அவரும் போய் ஸ்டூல் வாங்கிப் போட்டாராம். … இடுப்பும் இல்ல, சுத்தமும் இல்லண்ணா. நாங்க நின்னா எங்க கழுத்து அவருக்கு எட்டாது. கை அவ்வளவு உயரம் வராது. உக்காந்தாதான் விரல் வைக்க முடியும். … அவ்வளவுதான் விஷயம். அதுக்காக ஒரு ஜிம்மே உக்காந்திருக்கு.

… எதையும் பண்ணிக் காட்டறதும் இல்ல இப்ப. 'பாத்துக் கத்துக்கறவன் குரங்கு, கேட்டுக் கத்துக்கறவன் மனுஷன்'னு ஒரு பேச்சு வேற. நாங்க எல்லாரும் அதக் கையடக்க நோட்டுல எழுதி வெச்சுக்காத குறை.

… சிரிக்கறியா?

… சிரிக்கற. எனக்குக் கேக்குது. … இது என்ன சிரிப்புண்ணா?

… நாளைக்கா? … எல்லார் முன்னாடியுமா? … நான் என்னன்னு கேக்கணும்? 'நீங்க ஒரு தடவை பண்ணிக் காட்டுங்க மாஸ்டர்'னா? … ம். … ஆமா, அஞ்சு பேரும் இருப்பாங்க. அவங்க வீட்டுல இருந்தும் வருவாங்க. … ஆமா, அந்த வாண்டோட அப்பாவும். … நல்லா யோசிச்சிருக்க. இவ்வளவு சீக்கிரமா யோசிச்சியா, இல்ல ரொம்ப நாளா உள்ள வெச்சிருந்தியா?

… எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. பொய் சொல்ல மாட்டேன். அவர் மூஞ்சி எப்படிச் சுருங்கும்னு பாக்கணும்னுதான் இருக்கு. 'பயத்த மட்டும் தூக்க முடியல'ன்னு உன்னச் சொன்ன வாய் அப்ப என்ன சொல்லும்னு கேக்கணும். … ஆனா அது நீ நினைக்கற மாதிரி நடக்காது. அவரு முடியாதுன்னு சொல்ல மாட்டாரு. … தூக்குவாருண்ணா. எனக்குத் தெரியும். நாலு பேரு பாத்துக்கிட்டு இருந்தா தூக்குவாரு. உள்ள எது பிஞ்சாலும் கழுத்து வரைக்கும் எறக்கி, திரும்ப மேல தூக்கி, ஸ்டாண்ட்ல வெச்சிட்டு, போய்த் தண்ணி குடிப்பாரு.

… என்ன சொன்ன?

… இல்ல, இன்னொரு தடவை சொல்லு.

… 'தூக்கட்டும்.'

… கேட்டுச்சு. முதல் தடவையே நல்லாக் கேட்டுச்சு. கீழ இருந்து யாரோ பேசற மாதிரி இருந்துச்சு, அதான் மறுபடி கேட்டேன். … அதே குரல்தான். கையக் கட்டிக்கிட்டு அவரும் அப்படித்தான் சொல்வாரு. கம்பிக்கு அடியில யாரு இருந்தா என்ன, தூக்கட்டும்.

… கத்தாத, எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. … உனக்குக் கோபம் வரக் கூடாதுன்னு நான் சொன்னேனா? வரட்டும். நியாயம்தான். ஆனா அத என் தோள்ல ஏத்தாத. நாளைக்கு அங்க நிக்கப் போறது நீ இல்ல. நீ அங்க கிடங்குல உக்காந்துக்கிட்டு, நான் காலைல போன் பண்ணி 'அவர் கை போச்சுண்ணா'ன்னு சொல்லணும், நீ கேட்டுக்கிட்டு நிம்மதியாத் தூங்கணும். அதான? … அதான்ணா. வேற என்ன?

… நான் என் கைக்காக உன்னக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் நீயும் அதப் பத்திதான் பேசிக்கிட்டு இருந்த. நல்லா இருந்துச்சு. பக்கெட் மேல உக்காந்து ரெண்டு தண்ணி பாட்டிலத் தூக்கினேன், ரொம்ப நாளைக்கு அப்புறம் வலிக்காம மேல போச்சு. இங்க எனக்கு ஒருத்தன் இருக்கான்னு இருந்துச்சு. அப்புறம் அவர் கை வரலன்னு சொன்னேன். அதுக்கப்புறம் என் கையப் பத்தி நீ ஒரு வார்த்தை கேக்கல. … கேட்டியா? எப்ப? … சொல்லு, எப்ப கேட்ட?

… ம்.

… விடு. மன்னிப்பு எல்லாம் வேண்டாம், இன்னைக்கு அத வெச்சு என்ன பண்றது?

… அம்மாகிட்டயா? அம்மா என்ன பண்ணுவாங்க? சட்டை போட்டு விடுவாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சது அதுதான். இன்னும் கொஞ்ச நாள்ல எனக்கும் போட்டு விடுவாங்க. உனக்கு அங்க யார் போட்டு விடறா?

… தெரியாம கேட்டுட்டேன். … இல்ல, சொல்ல வேண்டாம். தெரியாம கேட்டுட்டேன்ணா.

… என்ன பண்ணப் போறேன்னா… காலைல இல்ல. காலைல எல்லாரும் இருப்பாங்க. எல்லாரும் இருந்தா அவரு மாஸ்டர். இப்ப போறேன். லைட்டு இன்னும் எரியுது. தனியா இருக்காரு. நாளைக்கு வேணுங்கற எடைத் தட்டு எல்லாத்தையும் இடுப்பு உயரத்துலயே அடுக்கி வெச்சுக்கிட்டு இருப்பாரு, யாரும் பாக்காத நேரமாப் பாத்து. … போய், 'எனக்கு வலிக்குதுப்பா, நாளைக்கு விரல் வைக்காதீங்க'ன்னு சொல்லப் போறேன். … அவர் கையப் பத்தி ஒண்ணும் பேச மாட்டேன். நான் எதையும் பாக்கல, அம்மா சொன்ன மாதிரியே இருக்கட்டும். … தெரியல என்ன சொல்வாருன்னு. லைட்ட அணைச்சிட்டு மேல வந்துடுவாரு, அதான் நடக்கும். எங்க அஞ்சு பேர்ல, தோள் வளையறதால 'ரப்பர்'னு கூப்பிடற பொண்ணும் இன்னொருத்தியும் விடுதிக்குப் போவாங்க. நான் அவங்களுக்குக் கை தட்டிட்டு… கை தட்டினா வலிக்காது, இடுப்பு உயரம்தான். … போனாப் போகட்டும்னு சொல்றேன். மனசு கேக்கல. கேக்கலதான்ணா, என்ன பண்ணச் சொல்ற? போகணும்னு எவ்வளவு… சரி விடு.

… பயமா இருக்கு. இருக்காதா பின்ன? நீ அவர்கிட்ட ஒரு தடவை கூடச் சொல்லல. அவரும் யார்கிட்டயும் சொல்லல. நான் என்ன உங்க ரெண்டு பேரவிடப் பெரிய வீராங்கனையா?

… நீ இங்க வரியான்னு கேட்டா வருவியா? … ம். … தெரியும். சும்மா கேட்டுப் பாத்தேன். ஷிப்ட் இருக்கும்.

… பண்றேன். முழங்கை முன்னாடி, உள்ளங்கை உள்பக்கம், காது வரைக்கும்தான் எறக்குவேன். மூலைல கம்பி முட்டுக் கொடுக்கறதும். … டாக்டரையும் பாக்கறேன், எப்படியாவது. … அந்த மாப்பு நிஜமாவே நல்லா இருந்துச்சுண்ணா. அத மறக்க மாட்டேன். மத்தத மறக்கப் பாக்கறேன்.

… சரி, மெஷின் நின்னுடுச்சு. இனிமே பேசினா கேக்கும். … வெக்கட்டுமா?

… என்னது? … போன ஆன்லயே வெச்சுப் பாக்கெட்ல போட்டுக்கிட்டா? … எதுக்கு? … துணைக்கா?

… வேண்டாம்ணா. … துணைக்குன்னுதான் சொல்ற, புரியுது. ஆனா நீ கேட்டுக்கிட்டு இருக்கன்னு தெரிஞ்சா, நான் உனக்குக் கேக்கறதுக்காகப் பேச ஆரம்பிச்சுடுவேன். … வேண்டாம். … இல்ல, வேண்டாம், வெச்சுடறேன்.